எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்தத் தரும் ஏ.ஆர்.டி. எனும் கூட்டு மருந்தின் பக்கவிளைவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோருவது எப்படி?

முதலில், செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாதிப்பு தெரிந்தவுடன் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாத நிலையும் உருவாகலாம். வழக்கு என்று வரும்போது, உடல் கெட்டதற்கு மருந்து காரணமல்ல, நிறுத்தியதே காரணம் என்று எதிர்த்தரப்பு வாதிடவும் அது இடம் கொடுத்துவிடும். உடனே மருத்துவரைச் சந்தித்து மாற்று மருந்து கேட்பதும், கேட்ட தேதியைக் குறித்துவைப்பதும்தான் சரியான தொடக்கம்.

பக்கவிளைவு ஏற்பட்டது என்பதால் மட்டுமே யாரும் இழப்பீடு தரக் கடமைப்பட்டவர் ஆகிவிடுவதில்லை. ஏ.ஆர்.டி. மருந்துகளுள் நெவிரபின் தோலையும் கல்லீரலையும் தாக்கலாம், ஜிடோவுடின் இரத்தசோகையை உண்டாக்கலாம், டெனோஃபோவிர் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம் என்பவை மருத்துவ உலகம் அறிந்தவை. ஆகவே, இந்த அபாயம் முன்கூட்டியே சொல்லப்பட்டதா, கவனிக்க வேண்டிய பரிசோதனைகள் செய்யப்பட்டனவா, அறிகுறி தெரிந்தபின் மருந்து உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்ற மூன்று கேள்விகளில் குறைந்தது ஒன்றுக்காவது ‘இல்லை’ என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால்தான் வழக்குக்கு உயிர் இருக்கும்.

இந்தியாவில் இன்று பலர் உட்கொள்ளும் டி.எல்.டி. மாத்திரையில் டெனோஃபோவிர் டைசோப்ராக்ஸில் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இருக்கின்றன. இவற்றுள் முதல் மருந்தை 2001இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது கிலியட் நிறுவனம். சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் குறைந்த பாதிப்பே தரும் டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற மாற்று தன் கையில் இருந்தும், இலாபத்துக்காக அதை வேண்டுமென்றே தாமதப்படுத்தியது என்று கூறி அந்நிறுவனத்தின்மீது கலிஃபோர்னியாவில் ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் அதை மறுத்துவருகிறது. மருந்தில் குறைபாடு இருந்ததென்று நிரூபிக்காமலேயே நிறுவனத்தின் கவனக்குறைவைக் குறித்து வழக்காடலாமா என்பது அங்கு பெரிய சட்டப் பிரச்சினையாயிற்று. வழக்காடலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் கூறியது. மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதை மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அந்த வழக்கைக் காட்டி இங்கே இழப்பீடு கேட்க முடியாது. இங்குள்ள சட்டமும் வேறு, மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனங்களும் பெரும்பாலும் வேறு.

சான்றுகளைத் திரட்டுவதில்தான் உழைப்பெல்லாம் இருக்கிறது. கூட்டு மருந்து சிகிச்சை மையத்தில் தரும் பச்சைப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நகலெடுங்கள். மையம் தன்னிடம் வைத்திருக்கும் வெள்ளை அட்டையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு ஒரு தாளில் தேதி, மருந்து, எடை, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவுப்பொருள்) இரத்தத்தில் உள்ள அளவு, சொன்ன உபாதை என்று ஐந்து பத்திகள் வரைந்து வரிசையாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, மருந்து தொடங்கியபோது கிரியாட்டினின் 0.9, பிறகு இரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டம் வெறுமை, அடுத்து 2.3 என்று இருந்தால், அந்த வெறுமையான கட்டமே உங்கள் வழக்கின் மையம். கால் வலிக்கிறது, கால் வீங்குகிறது என்று நீங்கள் சொன்னது அந்த இடைவெளியில் எங்காவது பதிவாகியிருந்தால் அது இன்னும் வலுவான சான்று.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டோலுடெக்ராவிர், சிறுநீரகத்துக்கு எந்தக் கேடும் செய்யாமலேயே, கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் வழியை ஓரளவு தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும். ஆகையால் கிரியாட்டினின் எண்ணை மட்டும் கொண்டு வழக்குக்குப் போகக் கூடாது. சிறுநீரில் புரதம், சர்க்கரை, இரத்தத்தில் பாஸ்பேட், எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஆகியவற்றைச் செய்துகொண்டு, சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெறுங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், வலி மாத்திரைப் பழக்கம் இருந்தால் அவற்றை அவரிடம் மறைக்காதீர்கள். எப்படியும் குறுக்கு விசாரணையில் வெளிவரும்.

இதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைப் பதிவு செய்யலாம். இந்தப் பதிவு இழப்பீடு பெற்றுத் தராது என்றாலும், பாதிப்பு எப்போது தெரியவந்தது என்பதற்கு ஒரு சான்றாக நிற்கும்.

எங்கே செல்வது என்பது மருந்துக்குப் பணம் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்தது. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, செலுத்திய தொகையை வைத்தே ஆணையம் எது என்று முடிவாகும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ தாக்கல் செய்யலாம் என்பது சொந்த ஊரில் செய்தி பரவுவதை அஞ்சுவோருக்கு உதவும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

அச்சட்டத்தின் 84ஆம் பிரிவு, குறையுள்ள பொருளுக்கும் போதிய எச்சரிக்கை இல்லாத பொருளுக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் 87ஆம் பிரிவு அந்தக் கதவைப் பாதி மூடிவிடுகிறது: நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே தரவேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்கு எச்சரிக்கை உரிய முறையில் சென்றிருந்தால் உற்பத்தியாளர் தப்பித்துக்கொள்வார். மருத்துவர் சீட்டின்றித் தரக்கூடாத மருந்து என்பதால், என் கணிப்பில் இத்தகைய புகார்கள் பெரும்பாலும் மருந்து நிறுவனத்தைவிட்டு மருத்துவர், மருத்துவமனை பக்கமே திரும்பும். அங்கே, அதே துறையில் சாதாரணத் திறமை உள்ள மருத்துவர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்று 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மாத்யூ தீர்ப்பு வகுத்த அளவுகோல் பார்க்கப்படும்.

அரசு மையத்தில் இலவசமாக மருந்து பெற்றவர்களின் நிலை கடினமானது. எல்லோருக்கும் இலவசமாக வழங்கப்படும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. இவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அல்லது 2 மாத முன்னறிவிப்புக் கொடுத்தபின் உரிமையியல் வழக்கு என்ற வழிகள் இருக்கின்றன. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம், 2017, சிகிச்சைக்கு விவரமறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. அது மீறப்பட்டிருந்தால் அச்சட்டப்படி மாநில அரசு நியமித்த ஆம்புட்ஸ்மேன் எனும் குறைதீர் அதிகாரியிடம் முறையிடலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்கப்படுவதில்லை. மருந்து ஆய்வில் பங்கேற்றுப் பாதிக்கப்பட்டவருக்கு 2019ஆம் ஆண்டு விதிகள் தனி இழப்பீட்டு முறையை வகுத்துள்ளன. அவர் ஆய்வின் நெறிமுறைக் குழுவிடம் உடனே எழுத வேண்டும்.

பெயர் வெளிப்படும் என்ற அச்சத்தாலேயே பலர் புகார் கொடுக்க முன்வருவதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கவும் மனுச் செய்யலாம். இந்த மனுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாமல், முதல் நாளே புகாரோடு சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள். வழக்குப் பட்டியலில் உண்மைப் பெயர் இணையத்தில் ஒருமுறை ஏறிவிட்டால், பின்னர் வரும் உத்தரவால் அதை ஏற்கெனவே பார்த்தவர்களின் நினைவிலிருந்து எடுக்க முடியாது.