வேகப் படகு கட்டக் கொடுப்பதும் அதற்கேற்ற டிரெய்லர் பார்ப்பதும்

வேகப் படகுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர் பெரும்பாலும் எஞ்சினிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். அதற்கு முன் எடையைப் பேச வேண்டும். படகின் வேகம் குதிரைத்திறனோடு நேராக ஏறுவதில்லை. எடைக்குக் கிடைக்கும் திறனின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் ஏறும். 300 குதிரைத்திறனில் 90 கிலோமீட்டர் ஓடும் படகில் எடை கூடாமல் 600 வைக்க முடிந்தாலும் 127 பக்கம்தான் வரும். இரண்டாவது எஞ்சினின் எடையும் அது குடிக்கும் பெட்ரோலின் எடையும் சேரும்போது அதுவும் குறையும். மாறாக, மொத்த எடையில் பத்து சதவீதம் குறைத்தால் ஒரு ரூபாய் பெட்ரோல் கூடாமல் ஐந்து சதவீதம் வேகம் கிடைக்கிறது.

கட்டுபவரிடம் போவதற்கு முன்பே ஒரு தாளில் எடைக் கணக்கைப் போடுங்கள். ஏழரை மீட்டர் படகுக்கு ஓர் உதாரணம்: மேல்தளமும் இருக்கைகளும் சேர்ந்த ஹல் (படகின் உடல்) 1,300 கிலோ, இரண்டு அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) 480, பெட்ரோல் 400 லிட்டர் (லிட்டருக்கு 0.74 கிலோ வீதம்) சுமார் 300, பேட்டரிகள் 75, நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஒலிப்பெட்டி வகையறா 120. ஆக 2,275. விளம்பரத் தாளில் ‘உலர் எடை’ என்று போட்டிருப்பதில் எஞ்சின் இருக்காது, பெட்ரோல் இருக்காது, சில சமயம் பேட்டரிகூட இருக்காது. அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்தத் தாள் டிரெய்லர் வாங்கும்போதும் வேண்டும்.

அடுத்தது, எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள் என்பது. அடிப்பாகம் ‘வி’ எழுத்துப்போல எவ்வளவு சரிகிறது என்பதற்கு டெட்ரைஸ் கோணம் என்று பெயர். அலை உள்ள கடலுக்குப் பின்பக்கத்தில் 22 முதல் 24 டிகிரி வேண்டும். ஏரி, கழிமுகம் என்றால் 16 முதல் 18 போதும்; அதே எஞ்சினில் கூடுதல் வேகமும் கிடைக்கும். அடியில் குறுக்கே படி வைத்த ஹல் காற்றை உள்ளிழுத்து, தண்ணீரில் உரசும் பரப்பைக் குறைக்கிறது. ஆனால் அதை ஓட்டப் பழக வேண்டும். அணியம் (படகின் முன்பக்கம்) தாழ்ந்த டிரிம்மில் (ஓடும்போது படகு முன்பின்னாகச் சாயும் நிலை) முழு வேகத்தில் திருப்பினால் பின்பக்கம் பிடி விட்டுச் சுழன்றுவிடும். முதல் வேகப் படகு என்றால் படி இல்லாத ஹல்லே நல்லது என்பது எங்கள் கருத்து.

கட்டும் இடத்தில் பார்க்க வேண்டியவை

கண்ணாடியிழையை ஒட்டி இறுக்கும் பிசினான ரெசினில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளித்தோல் அடுக்குகளாவது வினைல் எஸ்டராக இருக்கட்டும். சாதாரண பாலியெஸ்டர் நாளடைவில் நீரை உள்வாங்கி, வெளிப்பூச்சான ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டும். இரு தோல்களுக்கு நடுவே நுரைப்பலகை வைத்துக் கட்டினால் எடை குறையும், விறைப்பு கூடும். ஆனால் போல்ட்டு, குழாய், அடிப்பாகத் துளை வரும் இடத்தில் நுரை இருக்கவே கூடாது; அங்கே முழுக் கண்ணாடியிழைதான். இல்லாவிட்டால் சீலண்ட் கிழிந்த அன்றே தண்ணீர் உள்ளே போய், துளையைச் சுற்றி நுரை ஊறத் தொடங்கும். எஞ்சின் தொங்கும் பின்சுவரான டிரான்சத்துக்கு ஒட்டுப்பலகை வேண்டாம், அதிக அடர்த்தி நுரைப்பலகை கேளுங்கள்.

வேலை எப்படி நடக்கிறது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. குழாய்க்கும் மூடிக்கும் துளை போடும்போது வெட்டி எடுக்கும் வட்டத் துண்டுகளைத் தூக்கிப் போடாமல், எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். துண்டின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்குகள் ஒரே நிறத்தில், இடைவெளி இல்லாமல் இருந்தால் சரி. வெள்ளை வெள்ளையாக இழை தெரிந்தால் ரெசின் நனையவில்லை. தோலுக்கும் நுரைக்கும் நடுவே நகம் நுழைந்தால் ஒட்டவில்லை. நாணயத்தால் தட்டினால் நல்ல துண்டு கணீரென்னும், பிரிந்த துண்டு பொத்தென்னும். நாலு துண்டு பார்த்தாலே பட்டறையின் கை தெரிந்துவிடும்.

வேகப் படகின் உயிர் அடிப்பாகத்தின் கடைசி இரண்டு மீட்டரில் இருக்கிறது. ஓட்டத்தில் தண்ணீரைத் தொடுவது அந்தப் பகுதிதான். அது நடுவே குழிந்திருந்தால் அணியத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும், வேகம் போகும். புடைத்திருந்தால் அணியம் மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும்; எந்த டிரிம்மிலும் அடங்காது. ரெசின் முழுதாக இறுகுமுன்னே அச்சிலிருந்து பிடுங்கி எடுப்பதுதான் பட்டறையில் இது வரும் வழி. அடுத்த ஆர்டருக்கு அச்சு வேண்டும் என்ற அவசரம் அது. எனவே ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, அச்சிலிருந்து எடுக்கும்முன் பார்கோல் கடினம் (ரெசின் எவ்வளவு இறுகியது என்று காட்டும் எண்), ரெசின் தயாரிப்பாளர் தரும் எண்ணில் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஸ்ட்ரிங்கரும் (அடிப்பாகத்தை நீளவாக்கில் தாங்கும் கட்டை) பல்க்ஹெட்டும் (குறுக்குச் சுவர்) அச்சுக்குள் இருக்கும்போதே கட்டி முடிந்திருக்க வேண்டும். இரண்டு, 2 மீட்டர் நேர்க்கம்பியை நீளவாக்கில் வைத்தால் எங்கும் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அடிப்பாகம் டிரான்சத்தைச் சந்திக்கும் ஓரம் கத்திபோல் கூர்மையாக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் தண்ணீர் பிரியாமல் ஒட்டிக்கொண்டு இழுக்கும்.

மேல்தளம் மூடுவதற்கு முந்தைய நாள் நேரில் போங்கள். அதற்குப் பிறகு பார்க்க முடியாது. ஸ்ட்ரிங்கர் ஒட்டு, ஒயர் போகும் பாதை, பில்ஜ் பம்ப் (படகுக்குள் தேங்கும் நீரை இறைப்பது), பெட்ரோல் டேங்க் ஆகியவற்றைப் பாருங்கள். அலுமினிய டேங்க்கை ஈரம் தேங்கும் நுரைமேல் உட்கார வைத்தால் அடியில் பொத்தலாக அரிக்கும். அடியில் காற்றோட்டம் வேண்டும், படகை அறுக்காமல் வெளியே எடுக்க வழியும் வேண்டும். கருமையான நிறம் கேட்கிறீர்களா? வெயிலில் சூடேறி, உள்ளே இருக்கும் இழையின் நெசவு மேலே தெரியத் தொடங்கும். அழகுதான், ஆனால் தெரிந்து கேளுங்கள்.

பணத்தைக் கட்டங்களாகக் கொடுங்கள்: முன்பணம், ஹல் அச்சிலிருந்து வெளியே, மேல்தளம் ஒட்டியது, எஞ்சின் மாட்டியது, கடைசியாக ஓட்டச் சோதனை. சோதனை முடியும்வரை 15 முதல் 20 சதவீதம் கையில் இருக்கட்டும். கொடுத்த பணத்துக்கு ஈடான ஹல், அதன் அடையாள எண்ணோடு, உங்கள் பெயரில் சேரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டறை நொடித்துப் போனால் அந்த வரிதான் காப்பாற்றும். நடுவில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையோடு எடையும் எழுதி வாங்குங்கள்.

ஓட்டச் சோதனைக்குப் பாதி டேங்க், இரண்டு பேர். முழு வேகத்தில் நிமிடச் சுற்றுகள் எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பின் மேல்பாதியில் நிற்க வேண்டும். விசிறியின் பிட்ச் (வழுக்காமல் ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் மாறினால் 150 முதல் 200 சுற்று மாறும். வழுக்கலையும் (கணக்கு வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள இடைவெளி) கணக்கிடுங்கள்: சுற்றுகளை பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, 0.001524-ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டரில் கணக்கு வேகம். 6,000 சுற்று, 24 பிட்ச், 1.75 கியர் என்றால் 125. ஜி.பி.எஸ். 113 காட்டினால் வழுக்கல் பத்து சதவீதம், நல்ல அமைப்பு. இருபதைத் தொட்டால் விசிறியோ எஞ்சின் உயரமோ சரியில்லை. உயரத்தை, எஞ்சின் மாட்டும் துளைகளில் ஒரு துளை ஒரு துளையாக ஏற்றுங்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்த மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். அழுத்தம் விழுந்தால் ஒரு துளை இறக்கிவிடுங்கள்.

டிரெய்லர்

ஹல் அகலம் முடிவாகும் நாளிலேயே டிரெய்லரையும் பேசுங்கள். பல நாடுகளில் சாலையில் அனுமதி இல்லாமல் இழுக்கக்கூடிய அகலம் 2.55 முதல் 2.6 மீட்டருக்குள்தான். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு பயணத்துக்கும் அனுமதி, அல்லது படகைச் சாய்த்து ஏற்றும் டிரெய்லர்.

அந்த எடைத் தாளை எடுங்கள். 2,275 கிலோவோடு 15 சதவீதம் கூட்டினால் 2,616. டிரெய்லரின் சொந்த எடை 650 என்றால், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,300-க்குக் குறையாமல் வேண்டும். டிரெய்லர் தகட்டில் இருக்கும் எண் சொந்த எடையையும் சேர்த்தது என்பதை மறந்துவிட்டு வாங்குகிறவர்கள் பலர். டயர்களின் சுமைத் திறனையும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். இழுக்கும் வண்டிக்கும் கொக்கிக்கும் அந்த வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படகைத் தாங்க ரோலர் வேண்டாம், நீளக்கட்டைதான். ரோலர் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியில் அழுத்தும். மாதக்கணக்கில் நிற்கும்போது மெல்லிய அடிப்பாகம் அங்கே பள்ளம் வாங்கும். கட்டைகள் ஸ்ட்ரிங்கருக்கு நேர் கீழே வர வேண்டும், டிரான்சம்வரை எட்ட வேண்டும். கட்டை 30 சென்டிமீட்டர் முன்னாலேயே முடிந்து, எஞ்சின்கள் வெளியே தொங்கினால், பட்டறையில் 1.5 மில்லிமீட்டருக்காகச் சண்டை போட்டு வாங்கிய அடிப்பாகம் டிரெய்லரில் நின்றே வளைந்துவிடும். படி வைத்த ஹல்லில் படியின் ஓரம் கட்டைமேல் உட்காரக் கூடாது; அங்கே கட்டையை வெட்டி இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கடல் தண்ணீரில் இறங்குகிற டிரெய்லருக்குப் பெயிண்ட் அடித்த இரும்பு ஒத்துவராது. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ் இரும்பு அல்லது அலுமினியம் வாங்குங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் நேராகத் தொட்டால் அலுமினியம்தான் அரிக்கும், நடுவே தடுப்புப் பசை வேண்டும். இரட்டை ஆக்சிலில் டயர் ஒன்று வெடித்தாலும் படகு தரையில் விழாது. இந்த எடைக்கு ஒற்றை ஆக்சிலை யோசிக்கவே வேண்டாம். பிரேக் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், கழுவ நல்ல தண்ணீர்க் குழாயோடு.

முன்கொக்கியில் விழும் எடை, இழுக்கும் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம். நம் கணக்கில் மொத்தம் 2,925. ஏழு சதவீதம் என்றால் 205 கிலோ. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். படகை இழுத்து ஏற்றும் வின்ச்சின் தூணை முன்னுக்குத் தள்ளிப் படகை நகர்த்தியோ, ஆக்சிலைப் பின்னுக்குத் தள்ளியோ சரிசெய்யலாம். ஆனால் படகை நகர்த்தினால் டிரான்சத்துக்கு அடியில் கட்டை இன்னும் எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் நிரப்பி எடைமேடையில் ஒருமுறை நிறுத்தி, மொத்தம் எவ்வளவு, முன்கொக்கியில் எவ்வளவு என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பேரிங் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) அப்படியே தண்ணீரில் இறக்கினால், உள்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். கையால் தொட முடிகிறவரை ஆறட்டும். முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். வின்ச் பட்டையை மட்டும் நம்பாமல் அணியத்துக்குத் தனியாகச் சங்கிலி போடுங்கள். பின்பக்கம் டிரான்சத்துக்கு இருபுறமும் பட்டை. ஒரு பருவம் முடிந்து படகைக் கிரேனில் தூக்கும் நாளில் அதே 2 மீட்டர் நேர்க்கம்பியை மறுபடி வைத்துப் பாருங்கள். அளவு மாறியிருந்தால் டிரெய்லர் கட்டைகளைத் திருத்திய பிறகே படகை அதில் இறக்குங்கள்.