அமானுஷ்ய நாவல் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டேரி வந்தால் கோதிக் (பழைய குற்றமும் மர்மமும் சூழ்ந்த இருண்ட கதை), ஆவி வந்தால் திகில் என்று கதையில் வரும் உருவத்தை வைத்து வகை பிரிப்பதுதான் புதிதாக எழுத வருபவர்கள் செய்யும் முதல் தவறு. வாசகர் எதற்காகப் பணம் கொடுக்கிறார் என்று பார்த்தால் வகை தானே தெளிவாகிவிடும். அமானுஷ்யக் காதல் கதையை வாங்குபவர், எத்தனை ஆபத்து வந்தாலும் காதலர்கள் இறுதியில் சேர்வார்கள் என்ற நம்பிக்கையோடு வாங்குகிறார். கடைசி அத்தியாயத்தில் நாயகியைக் கொன்றுவிட்டு அதையும் காதல் கதை என்று விற்றால், நடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் கோபப்படுவார். அந்தக் கோபம் நியாயமானது.

கோதிக் வாசகருக்கு அப்படிப்பட்ட உத்தரவாதம் வேண்டியதில்லை. மூடி மறைத்த பழைய குற்றம் ஒன்று மெல்ல வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். பேயே இல்லாவிட்டாலும் அவர் குறை சொல்ல மாட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில கோதிக் எழுத்தாளர் ஆன் ராட்கிளிஃபின் நாவல்களில் அமானுஷ்யமாகத் தோன்றுபவற்றுக்குப் பெரும்பாலும் முடிவில் இயல்பான விளக்கம் கிடைத்துவிடும். ஆனாலும் 1794இல் அவருடைய ஒரு நாவலுக்குப் பதிப்பாளர் 500 பவுண்டு கொடுத்தார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை.

பாழடைந்த மாளிகை, அணையப்போகும் மெழுகுவர்த்தி, இடி, மின்னல் எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே கொட்டுவது இன்னொரு தவறு. கோதிக் மரபின் தொடக்கமாகக் கருதப்படும் ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் நாவல் 1764இல் வந்தது. அதில் ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து கோட்டையின் வாரிசு நசுங்கிச் சாகிறான். விசித்திரத்துக்காக மட்டும் வைத்த காட்சி இல்லை இது. அந்தக் கோட்டையே அவனுடைய முன்னோர் ஒருவர் உரிமையாளருக்கு விஷம் வைத்து அபகரித்தது. கட்டடத்துக்கும் குற்றத்துக்கும் இப்படி ஒரு முடிச்சு இருக்க வேண்டும். உங்கள் கதையை அந்த வீட்டிலிருந்து ஒரு புதிய அடுக்ககத்துக்கு மாற்றினாலும் எதுவும் கெடவில்லை என்றால், வீடு வெறும் அலங்காரமாக நிற்கிறது என்று பொருள்.

அமானுஷ்ய சக்தியின் எல்லையை முடிவு செய்யாமல் எழுதத் தொடங்குவதும் ஆபத்து. மூன்றாம் அத்தியாயத்தில் பூட்டிய கதவைத் தாண்ட முடியாத ஆவி, இருபதாம் அத்தியாயத்தில் சுவரைக் கடந்து வந்தால் வாசகர் பயப்படுவதை நிறுத்திவிடுவார். எல்லா விதிகளையும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இனி சந்தை. இப்போது எது விற்கிறதோ அதைத் துரத்துகிறவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். பெரிய ஆங்கிலப் பதிப்பகங்களில் ஒரு நாவல் ஏற்கப்பட்டு அச்சாகி வர ஓராண்டு, இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். எழுதும் காலம் தனி. இன்று கடையில் குவிந்திருக்கும் காட்டேரிக் காதல் கதைகள் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவுகளின் விளைவு. உங்கள் புத்தகம் வரும்போது அந்த அலை ஓய்ந்திருக்கலாம். அதற்காகச் சந்தையையே பார்க்காமல் இருப்பதும் சரியில்லை. அண்மையில் வெளிவந்த நாவல்களைப் படித்து, உங்கள் கதை எவற்றின் பக்கத்தில் நிற்கும், எங்கே வேறுபடும் என்று இரண்டு வரியில் சொல்லப் பழகுங்கள். நூறு ஆண்டுப் பழைய செவ்வியல் நாவலோடு மட்டும் ஒப்பிட்டால், இன்றைய வாசகரை நீங்கள் அறியவில்லை என்றே பதிப்பாசிரியர் எண்ணுவார்.

மர்மத்தைக் காப்பதாக நினைத்து, பதிப்பாளருக்கு அனுப்பும் கதைச்சுருக்கத்தில் முடிவை மறைப்பவர்கள் நிறைய. பின்னட்டைக் குறிப்பில்தான் அதை மறைக்க வேண்டும். கதைச்சுருக்கத்தில் ஆவி யார், ஏன் வந்தது, கடைசியில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும். முடிச்சை உங்களால் அவிழ்க்க முடிகிறதா என்று பார்க்கத்தான் அதைக் கேட்கிறார்கள்.