மாடு விற்ற சீட்டில் கழியும் அந்த ஒரு டாலர்: அமெரிக்க ‘பீஃப் செக்காஃப்’ கணக்கு, படிப்படியாக

அமெரிக்காவில் ஏல மையத்தில் மாடு விற்றால் கையில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். மேலே மாடுகளின் எண்ணிக்கை, எடை, விலை. கீழே கழிவுகள்: தரகு, பட்டியில் நிறுத்திய கூலி, தீவனம். அந்த வரிசையில் ‘பீஃப் செக்காஃப்’ என்று ஒரு வரியும் இருக்கும். பத்து மாடு விற்றிருந்தால் பத்து டாலர். தொகை சின்னது என்பதால், அரசு வரி போலிருக்கிறது என்று நினைத்துச் சீட்டை மடித்து வைத்துவிடத் தோன்றும். ஆனால் இது வரி இல்லை. மாட்டிறைச்சியின் விற்பனையை வளர்க்க, மாடு வளர்ப்பவர்களிடம் சட்டப்படி திரட்டப்படும் பொதுநிதி. உங்கள் பணம் அது. அது போகும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் வாங்கும் சுங்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுங்கம் அந்தச் சந்தைக்கு உரியது. செக்காஃப் மாட்டைத் தொடர்ந்து வரும். ஏலத்தில் விற்றாலும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விற்றாலும் அது உண்டு.

படி 1: தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள்

ஒரு மாட்டுக்கு ஒரு டாலர். வயது, இனம், ஆணா பெண்ணா, விலை எதுவும் கணக்கில்லை. பால் வற்றிய கறவை மாட்டுக்கும் ஒரு டாலர், பிறந்து சில நாளேயான கன்றுக்கும் ஒரு டாலர், 2,000 டாலருக்குப் போன காளைக்கும் அதே ஒரு டாலர்தான். விலை மலிவான கன்றை விற்பவருக்கு இது சற்றுக் கூடுதல் சுமை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1985-இல் வந்த மாட்டிறைச்சி மேம்பாடு, ஆய்வுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 1986 அக்டோபரில் வசூல் தொடங்கியது. முதலில், வேண்டாம் என்பவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 1988 மே மாதம் மாடு வளர்ப்பவர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 79 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அதன்பிறகு எல்லோருக்கும் கட்டாயம். அன்று வைத்த ஒரு டாலர் இன்றும் ஒரு டாலராகவே இருக்கிறது. விலைவாசி ஏறியதில் அதன் மதிப்பு வெகுவாகத் தேய்ந்துவிட்டது.

சில மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனியாக வசூலிக்கின்றன. டெக்சஸில் 2014 அக்டோபர் முதல் மாநிலத்துக்கென்று இன்னொரு டாலர். அதனால் அங்கே பத்து மாடு விற்றவர் சீட்டில் இருபது டாலர் இருந்தால் பிழை என்று பதற வேண்டாம்.

படி 2: யார் கொடுக்கிறார், யார் பிடிக்கிறார்

கொடுப்பவர் விற்பவர். பிடித்துக் கட்டுபவர் வாங்குபவர் அல்லது ஏல மையம். ஏலத்தில் விற்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அவர்களே கழித்துக்கொள்வார்கள்.

புதியவர்கள் தவறுவது நேரடி விற்பனையில்தான். தெரிந்தவருக்கு இரண்டு கன்றைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு, அத்தோடு முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். அங்கேயும் இரண்டு டாலர் பிடித்து, மாநில அளவில் இந்தப் பணத்தை வசூலிக்கும் அமைப்பான மாநில மாட்டிறைச்சி மன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். விற்ற மாதத்துக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு 2 சதவீதம் கூடுதல். பணம் போயிற்றா என்பதற்கு விற்றவர், வாங்கியவர் இருவருமே பொறுப்பு. அதனால் யார் அனுப்புவது என்பதைக் கைகுலுக்கும் முன்பே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சொந்த மாட்டை அறுத்து வீட்டுக்கே வைத்துக்கொண்டால்? கட்டணம் இல்லை. அதே இறைச்சியை உழவர் சந்தையில் விற்றால்? அந்த மாட்டுக்கான ஒரு டாலரை நீங்களே கட்ட வேண்டும்.

படி 3: கை மாறும் ஒவ்வொரு முறையும் எண்ணுங்கள்

பலருக்கும் வியப்பைத் தருவது இதுதான். ஒரு கன்று பிறந்த பண்ணையிலிருந்து மேய்ச்சல்காரருக்குப் போகிறது: ஒரு டாலர். அவர் அதைத் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் ஃபீட்லாட்டுக்கு விற்கிறார்: இன்னொரு டாலர். ஃபீட்லாட் அதை இறைச்சி ஆலைக்கு விற்கிறது: மூன்றாவது டாலர். ஒரே மாடு, மூன்று விற்பவர்கள், மூன்று டாலர்.

வாங்கி உடனே கைமாற்றும் வியாபாரிக்கு விலக்கு உண்டு. மாடு அவரிடம் 10 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது, தான் வளர்ப்பவர் இல்லை என்று சான்றுப் படிவமும் கொடுக்க வேண்டும். சான்று பெற்ற இயற்கைவழிப் பண்ணைகளும் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

உள்நாட்டு இறைச்சி ஆலையிலிருந்து பெட்டிகளில் வெளியே போகும் இறைச்சிக்கு இந்தக் கட்டணம் கிடையாது. கடைக்காரரும் சமையலறைக்கு வாங்கிப்போகிறவரும் செக்காஃப் கட்டுவதில்லை. இறக்குமதியில்தான் இறைச்சிக்கும் கட்டணம். வெளிநாட்டிலிருந்து உயிரோடு வரும் மாட்டுக்குத் தலைக்கு ஒரு டாலர். இறைச்சியாக வந்தால் அது எத்தனை மாட்டுக்குச் சமம் என்று எடைக்கேற்பக் கணக்கிட்டுச் சுங்கத் துறை வசூலிக்கும்.

படி 4: டாலரை இரண்டாகப் பிரியுங்கள்

கான்சாஸில் பத்து மாடு விற்றதாக வைத்துக்கொள்வோம். பத்து டாலரும் முதலில் அந்த மாநில மன்றத்துக்குப் போகும். அது ஒவ்வொரு டாலரிலும் 50 சென்ட் வரை வைத்துக்கொள்ளலாம். மீதி 50 சென்ட் ‘கேட்டில்மென்ஸ் பீஃப் போர்டு’ என்ற தேசிய வாரியத்துக்கு. ஆக, ஐந்து டாலர் கான்சாஸில், ஐந்து டாலர் தேசிய நிதியில்.

வாரிய உறுப்பினர்கள் மாடு வளர்ப்பவர்களும் இறக்குமதியாளர்களும்தான். அவர்களை நியமிப்பவர் அமெரிக்க வேளாண் அமைச்சர். எந்தத் திட்டத்துக்குப் பணம் என்பதை 20 பேர் கொண்ட செயற்குழு முடிவு செய்யும்: வாரியத்திலிருந்து 10 பேர், மாநில மன்றங்களின் கூட்டமைப்பிலிருந்து 10 பேர். வேலையை எடுத்துச் செய்யும் அமைப்புகள் முதலில் செலவழித்துவிட்டு, கணக்குக் காட்டி, அப்புறம்தான் பணம் வாங்க முடியும். வாரியத்தின் நிர்வாகச் செலவு, எதிர்பார்க்கும் வருவாயில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

படி 5: எதற்குச் செலவாகிறது

‘இரவு உணவுக்கு மாட்டிறைச்சிதான்’ என்ற பொருளில் 1992-இல் வந்த விளம்பரம், நடிகர் ராபர்ட் மிட்சமின் கரகரத்த குரலோடு அமெரிக்க வீடுகள் எங்கும் ஒலித்தது. அதற்குப் பணம் இந்த டாலர்களிலிருந்து வந்தது.

என் மனதுக்குப் பிடித்தது விளம்பரம் அல்ல, ஆய்வு. மாட்டின் தோள்பகுதிக் கறியை வழக்கமாக அரைத்தோ நெடுநேரம் வேகவைத்தோதான் உண்பார்கள், விலையும் குறைவு. நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செக்காஃப் நிதியில் மாட்டின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மென்மையைச் சோதித்தார்கள். தோளில் உள்ள ஒரு தசை மிக மென்மையானது, நடுவே ஓடும் கெட்டியான சவ்வுதான் அதைக் கெடுக்கிறது என்று தெரிந்தது. சவ்வை எடுத்துவிட்டு வெட்டியபோது கிடைத்ததுதான் ‘ஃபிளாட் அயர்ன் ஸ்டேக்’ என்ற கறித்துண்டு. அரைக்கப் போன கறி உணவக மேசைக்கு ஏறியது. மாடு வளர்ப்பவர் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

ஒரு தடை முக்கியம். சட்டம் இயற்றுவதிலோ அரசின் கொள்கையிலோ செல்வாக்குச் செலுத்த இந்தப் பணத்தைத் தொடக்கூடாது.

படி 6: பிடிக்கவில்லை என்றால்

‘நான் உடன்படாத விளம்பரத்துக்கு என் பணமா’ என்று கேட்டுச் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2005-இல் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. இது அரசே பேசும் பேச்சு, எனவே பேச்சுரிமை மீறல் இல்லை என்றது நீதிமன்றம். என்றாலும் கேட்ட கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். விளம்பரத்தால் தேவை கூடும்போது பலன் இறைச்சி ஆலைகளுக்கும் கடைகளுக்கும் சேர்ந்தே போகிறது. டாலர் கொடுப்பவரோ மாட்டை வைத்திருப்பவர்.

எனவே விற்ற சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் மாநில மன்றத்தின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். திட்டம் தொடரலாமா என்று மறுபடி வாக்கெடுப்பு வைக்கச் சொல்லவும் வழி இருக்கிறது: நாட்டில் மாடு வளர்ப்பவர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். 1988-க்குப் பிறகு அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை.