தையல் லைனில் ஆல்டர் கணக்கு: எந்த ஏற்றத்துக்குக் காரணம் தேட வேண்டும்?

திருப்பூரில் பல பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசைக்கு மேலே ஒரு பலகை இருக்கும். நேற்று நூற்றுக்கு 6.6 ஆல்டர் (குறை இருப்பதால் திருத்தத் திருப்பி அனுப்பும் பீஸ்), இன்று 7.3. அதைப் பார்த்ததும் லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள். மறுநாள் 5.8க்கு இறங்கும். சத்தம் போட்டதால்தான் இறங்கியது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். எந்த லைனிலும் எண் தானாகவே ஏறி இறங்கும். மிக உயரப்போன நாளுக்கு மறுநாள் கீழே வருவது இயல்பு. தானாக ஆடும் அளவு எவ்வளவு என்று தெரியாதவரை, அந்தப் பலகையைப் பார்த்து எடுக்கும் எந்த முடிவும் குருட்டு முடிவுதான்.

கணக்குக்குப் போகும் முன் ஒரு தாளில் இதை எழுதுங்கள்: இந்த எண் ஏறினால் யார், என்ன செய்வார், எத்தனை மணி நேரத்துக்குள்? ஊசியை மாற்றுவதா, துணி லாட்டை (ஒன்றாகச் சாயமேற்றி வந்த துணித் தொகுதியை) நிறுத்துவதா, ஒரு மெஷினை மெக்கானிக்கிடம் விடுவதா? பதில் இல்லாத எண்ணைச் சேகரிக்க வேண்டாம். செக்கரின் நேரம்தான் வீணாகும்.

அடுத்தது, எதை ஆல்டர் என்று சொல்கிறோம் என்பது. 50 பீஸை எடுத்து எண் ஒட்டி, இரண்டு செக்கர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. நான்கைந்து பீஸுக்கு மேல் தீர்ப்பு வேறுபட்டால் உங்களிடம் இருப்பது லைனின் எண் அல்ல, செக்கரின் எண். வேறுபட்ட பீஸ்களையே மாதிரியாக வைத்து, எது போகும், எது போகாது என்று முடிவு செய்து மேசை மேலேயே மாட்டிவிடுங்கள். மறுநாள் அதே 50 பீஸை வரிசை மாற்றி அதே ஆட்களிடம் கொடுத்துப் பாருங்கள். பலரும் தாண்டிப்போகும் வேலை இது. இதைத் தாண்டினால் பிறகு போடும் கணக்கு முழுவதும் மணலில் நிற்கும்.

பதிவுத் தாள் எளிமையாக இருக்கட்டும்: தேதி, ஷிப்ட், லைன், ஸ்டைல், துணி லாட், மெஷின் எண், குறையின் வகை, அன்று பார்த்த மொத்த பீஸ். கடைசி எண் கட்டாயம். 40 ஆல்டர் என்பது 500 பீஸில் ஒரு கதை, 1,200 பீஸில் வேறு கதை. ‘மற்றவை’ என்ற கட்டத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் சேர்ந்தால் உங்கள் வகைப்பிரிப்பு சரியில்லை. வழக்கமாகப் பார்க்கும் பீஸ்களில் பாதிகூடப் பார்க்காத நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். எண்ணிக்கை குறைந்தால் சதவீதம் தாறுமாறாகக் குதிக்கும்.

இனி கணக்கு. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக வால்டர் ஷூஹார்ட் 1924இல் முன்வைத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் எளிய வடிவம் இது. எக்ஸெல் இருந்தால் நல்லது, கால்குலேட்டரே போதும். எடுத்துக்காட்டாக 12 நாள் எண்கள்: 6.2, 5.4, 7.1, 6.0, 5.1, 6.6, 7.3, 5.8, 6.4, 5.5, 6.9, 5.7. கூட்டினால் 74; சராசரி 6.17. பிறகு அடுத்தடுத்த நாட்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை, கூடினாலும் குறைந்தாலும் அளவை மட்டும், எழுதுங்கள்: 0.8, 1.7, 1.1, 0.9, 1.5, 0.7, 1.5, 0.6, 0.9, 1.4, 1.2. இந்த 11 வித்தியாசங்களின் சராசரி 1.12. அதை 2.66ஆல் (இந்த வகை வரைபடத்துக்கு எப்போதும் பயன்படுத்தும் எண்) பெருக்கினால் 2.98. சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 9.15, கழித்தால் கீழ் எல்லை 3.19.

ஆக, சூப்பர்வைசர் திட்டு வாங்கிய அந்த 7.3 எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. அன்று மட்டும் தனியாக எதுவும் நடந்துவிடவில்லை.

12 நாள் கணக்கு ஆரம்பத்துக்குப் போதும். 20, 25 நாள் சேர்ந்ததும் ஒருமுறை மறுபடி போட்டு எல்லையை மாறாமல் நிலைநிறுத்திவிடுங்கள். தினமும் மாற்றினால் கெட்ட நாட்களும் எல்லைக்குள் கலந்து, அதை அகலமாக்கிவிடும். புது ஸ்டைல் ஏறும் முதல் இரண்டு மூன்று நாள் கை பழகும் காலம். அதைத் தனி நிறத்தில் குறியுங்கள்.

இரண்டு அடையாளங்களுக்கு மட்டும் காரணம் தேடி ஓடுங்கள். ஒரு நாள் எல்லையைத் தாண்டினால், அன்றே. எட்டு நாள் தொடர்ந்து சராசரிக்கு ஒரே பக்கம் நின்றால், நிலை மாறிவிட்டது என்று பொருள். கீழ்ப்பக்கம் நின்றாலும் காரணம் தேட வேண்டும். நல்லது எதனால் நடந்தது என்று தெரியாவிட்டால் அதைக் காப்பாற்ற முடியாது.

எல்லாம் எல்லைக்குள் இருந்தும் 6.17 உங்களுக்கு அதிகம் என்றால், தனி நாளைத் தோண்டிப் பயனில்லை. ஒரு மாதத் தாள்களை மொத்தமாகப் பிரிக்க வேண்டும். ஊசி ஓட்டையை எடுத்துக்கொள்வோம். பக்கவாட்டில் துணி லாட், மேலே மெஷின் எண் என்று கட்டம் போட்டு ஓட்டைகளை நிரப்புங்கள். எல்லா லாட்டிலும் ஒரே மெஷினில் விழுந்தால் ஊசியையும் அந்த மெஷினையும் பாருங்கள்: முனை கெட்ட ஊசி நூலை விலக்கிப் போகாமல் அறுக்கும், பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் வேண்டும், மெல்லிய ஜெர்சிக்கு 65 முதல் 75 வரையுள்ள அளவு. எல்லா மெஷினிலும் ஒரே லாட்டில் விழுந்தால் குற்றம் துணியில். சாயத்துக்குப் பிறகு சாஃப்ட்னர் போதாமல் வறண்ட துணியைப் புது ஊசியும் அறுக்கும். அந்த லாட்டுக்காக டெய்லரைத் திட்டினால் துணியும் சரியாகாது, டெய்லரும் நிற்கமாட்டார். இன்னொன்று: ஊசி அறுத்த கண்ணி பல நேரம் துவைத்து இழுத்த பிறகுதான் ஓட்டையாகத் தெரியும். லாட்டுக்கு 5 பீஸ் துவைத்துப் பார்க்காவிட்டால் உங்கள் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

காரணம் இதுதான் என்று தோன்றினால் ஒரு லைனில் மட்டும், ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். உதாரணமாக, ஷிப்டுக்கு ஒருமுறை ஊசி மாற்றுவது. அதே ஸ்டைல் ஓடும் இன்னொரு லைனைத் தொடாமல் விடுங்கள். எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்பே எழுதிவையுங்கள். எட்டு நாளுக்கு முன் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு லைனிலும் சேர்ந்து இறங்கினால் அது ஊசியால் வந்ததல்ல.

ஆல்டர் எண்ணுக்காகச் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தால் இத்தனையும் பாழ். எண் மறுநாளே இறங்கும். பீஸை எழுதாமலே திருத்திக் கொடுத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க, பேக்கிங்குக்குப் பிறகு நடக்கும் இறுதிச் சோதனையோடு ஒப்பிடுங்கள். ஏ.க்யூ.எல். (வாங்குபவர் ஏற்கும் குறை அளவு) 2.5, சோதனையின் பொதுநிலை 2 என்றால், 1,201 முதல் 3,200 பீஸ் வரையுள்ள சரக்கில் 125 பீஸ் பார்ப்பார்கள். 7 குறை வரை ஏற்பார்கள், 8 வந்தால் தள்ளுவார்கள். லைன் எண் இறங்கிக்கொண்டே போக, அந்த 125இல் கிடைக்கும் குறைகள் மட்டும் குறையாமல் நின்றால், பிடித்தத்தை நிறுத்திவிட்டு அந்த 50 பீஸ் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.