தடி நாலு துண்டாக இருக்கட்டும்: திருகோணமலைக்குத் தூண்டிலோடு போகிறவர்களுக்கு

தூண்டில் கடையில் போய் நின்றால், என்ன மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்றுதான் விற்பனைக்காரப் பெடியன் முதலில் கேட்பான். கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர் அதற்கு முன்னால் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: சொந்தக்காரர் எனக்கு எவ்வளவு நேரம் விடுவார்கள்? கொட்டியாரக் குடாவில் வள்ளம் பிடித்து நாள் முழுக்க வீசலாம் என்ற எண்ணத்தை விமானத்திலேயே இறக்கி வைத்துவிடுங்கள். ஒரு கலியாண வீட்டுக்கும் ஒரு கந்தோருக்கும் நடுவில், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கிடைக்கிற அரை மணித்தியாலம்தான் உங்கள் மீன்பிடி. அதற்கேற்ற தடியை வாங்குங்கள்.

அதனால் ஒற்றைத் துண்டுத் தடி வேண்டவே வேண்டாம். ஆறரை அடித் தடி என்றால் இரண்டு மீற்றர் நீளப் பொதி. விமானத்தில் அதற்குத் தனிக் காசு கேட்கலாம், கட்டுநாயக்காவில் இது என்ன என்று கேட்பார்கள், ஊருக்குப் போகிற வான் வண்டிக்குள் அது யாருடைய தோளிலாவது இடித்துக்கொண்டே வரும். நாலு துண்டாகக் கழற்றுகிற பயணத்தடி அறுபது சென்ரிமீற்றருக்குள் அடங்கி, உடுப்புப் பெட்டிக்குள்ளேயே போய்விடும். மூட்டு இருந்தால் தடி பலவீனம் என்பது பழைய கதை. இப்போது வருகிற நல்ல தடிகளில் வளைவு ஒரே சீராக இறங்கும். கடையிலேயே பூட்டிப் பாருங்கள். பிடியைப் பிடித்து ஆட்டும்போது மூட்டில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊர் மணல் ஒரு துகள் மூட்டுக்குள் போனாலும் இறுகிவிடும். பூட்டுமுன் துடைத்து, மெழுகுதிரியை மெல்லத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

காஸ்டிங் தடியா, ஸ்பின்னிங் தடியா? காஸ்டிங் தடியில் ரீல் மேலே குந்தியிருக்கும், வளையங்களும் மேற்பக்கம், பிடியின் கீழே விரல் கொளுவ ஒரு கொக்கி. ஸ்பின்னிங் தடியில் ரீல் கீழே தொங்கும். பெருவிரலை ரீலின் மேல் வைத்தபடியே வீசுவதால், நினைத்த இடத்தில் லூரை, அதாவது பொய் இரையை, நிறுத்தலாம். கண்டல் கிளை தண்ணீரைத் தொடுகிற இடத்தில், அதன் நிழலுக்குள் லூர் விழவேண்டும் என்றால் இதை அடிக்க வேறு தடி இல்லை. அங்கேதான் செப்பலி கிடக்கும். கொத்திய கையோடு வேருக்குள் ஓடப் பார்க்கும் மீன் அது. முதல் இரண்டு செக்கனில் நிறுத்தாவிட்டால் மீனும் போச்சு, லூரும் போச்சு. ஆனால் ஏழு கிராமுக்குக் குறைந்த லூரை காஸ்டிங் ரீலில் வீசப் போனால் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போகும். காற்று எதிர்த்து வந்தால் இன்னும் மோசம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக நாம் ஆடி ஆவணியில்தான் போகிறோம். அப்போது கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். காற்று முதுகில் படுகிற பக்கமாக நின்று வீசுங்கள், ரீலின் பிரேக்கை வழமையைவிடக் கூட்டி வையுங்கள்.

இனி அளவு. ஆற்றுக்கும் களப்புக்கும் ஆறு அடி போதும். கிளைக்கு அடியில் பக்கவாட்டில் வீச நீளத் தடி உதவாது. குளத்துக்கு ஏழு அடி நல்லது, தூரம் போகும். ஒன்றைத்தான் கொண்டுபோகலாம் என்றால் ஆறரை அடி, மீடியம் ஹெவி விறைப்பு, நுனி மட்டும் வளைகிற ஃபாஸ்ட் வகை. பிடிக்கு மேலே அச்சடித்திருப்பதை வாசியுங்கள்: நூல் 10 முதல் 20 இறாத்தல் (நூல் தாங்குகிற பாரம்), லூர் 7 முதல் 28 கிராம் என்று இருந்தால் சரி. கனடாவில் பாஸ் மீனுக்கு வைத்திருக்கிற தடி கிட்டத்தட்ட இதுதான், புதிதாக வாங்கவே தேவையில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள். நன்னீரை நினைத்துச் செய்த மலிவுத் தடியின் வளையங்கள் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகுச் சட்டம், உள்ளே பீங்கான் வளையம் இருக்கவேண்டும். ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். பஞ்சு நூல் எங்காவது மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது. அந்த வெடிப்பு உங்கள் பிரெய்ட் நூலை (பல இழை பின்னிய நூல்) நார்நாராகக் கிழிக்கும்.

தடியில் அச்சடித்திருப்பது சாதாரண நூலின் கணக்கு, பிரெய்ட் என்றால் கொஞ்சம் கூட்டிப் போடலாம். நூல் 20 அல்லது 30 இறாத்தல் பிரெய்ட், முனையில் ஒரு பாகம் நீளத்துக்கு 40 இறாத்தல் லீடர், அதாவது லூருக்கு முன்னால் கட்டுகிற தடித்த நூல். கொடுவாவின் செவுள் மூடி பிளேட் மாதிரி வெட்டும். லீடர் இல்லாமல் கொடுவாவுக்கு வீசுகிறவர் மீனுக்கு லூர் தானம் செய்கிறார்.

இதோடு தடியைப் பற்றி முக்கால்வாசி சொல்லியாயிற்று. இனிச் சொல்லப்போவதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

உங்கள் அம்மாவின் பெயரில் ஊரில் ஒரு துண்டு பேர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, இருக்கிறதா? இருந்தால், நீங்கள் வருகிற திகதி மாமாவுக்குத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் காணி எழும்பி நடக்கத் தொடங்கும். என் மாமா சம்பூரில் இருக்கிறார், அம்மாவின் தம்பி. நான் போய் இறங்கி, தேத்தண்ணி குடித்து, பெட்டியைத் திறந்து தடியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினார். தடியைத் தொட்டுப் பார்த்தார். "இது ஊசி மாதிரிக் கிடக்கு, மருமகன். மீன் இழுத்தா முறியாதோ?" என்றார். முறியாது என்றேன். "அப்ப நாளைக்குக் காலமை ஒருக்கா கந்தோருக்குப் போயிற்று வருவம். ஒரு கையெழுத்துத்தான்."

ஒரு கையெழுத்து என்று சொந்தக்காரர் சொன்னால் உங்கள் விடுமுறையில் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள், அந்த சப்ஜெக்ட்டைச் செய்கிற பிள்ளைக்கு லீவு. அடுத்த நாள் பிள்ளை இருந்தது, ஐயா பீல்டுக்குப் போயிருந்தார். ஐயா வந்த நாளில் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அப்பாவின் பெயர் 'இ'யில் தொடங்குகிறது, கனேடியக் கடவுச்சீட்டில் இங்கிலீசில் 'ரா'வில் தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தார். இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி வேண்டுமாம். அதற்குச் சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம். அவர் முத்திரையை எடுத்து ஊதினார், மை காய்ந்து கிடந்தது. மை வாங்க ஆள் அனுப்பிவிட்டு, தன் மகனைக் கனடாவுக்கு எடுக்க என்ன வழி என்று கேட்டார். மை வந்தது, என்னிடம்தான் வழி இல்லை. பிறகு கிராம சேவகரின் கடிதம். பிறகு அம்மாவின் இறப்பு அத்தாட்சிப் பத்திரம் ரொறன்ரோவில் எடுத்தது, அதை எப்படி ஏற்பது என்று ஒரு விவாதம். போட்டோகொப்பிக் கடையில் கரண்ட் இல்லை. வாங்கில் உட்கார்ந்து சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணிக்குக் களப்பில் மீன் துள்ளுகிற நேரம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

எரிச்சலில் ஒரு நாள் மாமாவிடம் கேட்டுவிட்டேன், "இவ்வளவு காலம் இல்லாமல் இப்ப என்ன அவசரம்?" அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த பிளாஸ்ரிக் பைலைத் திறந்து ஐயா கேட்ட இன்னொரு கடதாசியைத் தேடினார். அப்போதுதான் அதற்குள் இருந்தவற்றைப் பார்த்தேன். பேர்மிட் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செலோரேப் ஒட்டி மஞ்சளாகியிருந்தது. அதன் கீழே முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. 2006-இல் சண்டைக்குள் இடம்பெயர்ந்து சம்பூரிலிருந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும், பிறகு கிளிவெட்டி முகாமுக்கும் போனபோது அந்தப் பேர்மிட்டை பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர் அவர். 2015-க்குப் பிறகுதான் சம்பூர்ச் சனம் தங்கள் காணியில் திரும்பவும் கால் வைத்தது. அந்த 2006 கோடையில்தான் நான் ரொறன்ரோவில் என் முதல் காஸ்டிங் தடியை வாங்கினேன். சிம்கோ ஏரிக்கு அது தோதான தடி.

அவர் கேட்டதில் பிழையில்லை. காணியை உழுகிற தன் மகனின் பெயருக்கு மாற்ற வாரிசாகிய எனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். கொடுத்தேன். பைல் மேலே போயிருக்கிறதாம்.

ஆகவே கொண்டுபோக வேண்டியவை: அம்மா அப்பாவின் பிறப்பு, இறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களின் மூலப்பிரதி, உங்கள் பழைய தேசிய அடையாள அட்டை, எல்லாவற்றிலும் மூன்று போட்டோகொப்பி. தடி வைக்கிற பிளாஸ்ரிக் குழாய்க்குள் சுருட்டி வைத்தால் மடிப்பும் விழாது, மழையும் படாது. குழாய் கையில் இருந்தால் கந்தோரிலிருந்து வரும் வழியில் தூண்டிலும் போடலாம்.

மூதூரிலிருந்து சம்பூர்ப் பக்கம் போகும்போது கட்டைபறிச்சானில் இறால் பாலம் வரும். கந்தோர் நாட்களில் நான் வீசியதெல்லாம் அங்கேதான். திருகோணமலைப் பக்கம் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்கும் குறைவு, ஆகவே பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற நேரம்தான் முக்கியம். தூணுக்குப் பின்னால் ஓட்டம் தணிந்த இடத்தில் மீன் இறாலுக்காகக் காத்து நிற்கும். ஓட்டத்துக்கு மேலே வீசி, லூரைத் தண்ணீர் கொண்டுபோக விட்டுச் சுற்றுங்கள். பக்கத்தில் பெடியன்கள் சோடாப் போத்தலில் தங்கூசி சுற்றி, உயிர் இறால் குத்தி, உங்களுக்கு முன்னால் பிடிப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். மீன் கொளுவினால் பாலத்தின் மேலிருந்து தடியால் தூக்காதீர்கள். நிமிர்த்திய தடியில் பாரம் முழுவதும் நுனியில் ஏறி, அங்கேயே முறியும். கரைக்கு நடத்திக் கொண்டுபோய் அத்தாங்கில் அள்ளுங்கள். இருட்டினால் தண்ணீர் விளிம்பில் நிற்க வேண்டாம்; மகாவலியின் கழிமுகப் பக்கங்களில் முதலை உண்டு.

குளத்துக்கு ஆசைப்பட்டால் கந்தளாய். குளக்கோட்டன் கட்டியதென்று நம் ஊர்க்கதை சொல்லும். 1986-இல் அணைக்கட்டு உடைந்து ஊரை அள்ளிக்கொண்டு போனதைப் பெரியவர்கள் இன்னும் கதைப்பார்கள். அங்கே விரால். தாமரை இலைக்கு மேலால் ரப்பர் தவளையை இழுத்தால் இலையைக் கிழித்துக்கொண்டு வரும். செடியோடு சேர்த்து இழுக்கவேண்டும் என்பதால் நூல் 40 இறாத்தலுக்குக் குறையக் கூடாது. விரால் தவளையை வாயில் எடுத்த உடனே சுண்டாதீர்கள், ஒரு மூச்சு விட்டுச் சுண்டுங்கள். பொழுதுபட்டால் யானை தண்ணிக்கு வரும், அதற்கு முன் வெளிக்கிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் போகிறவர்கள் இடி கேட்டதும் தடியைக் கீழே வைத்துவிடவேண்டும். தடி செய்கிற கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும்.

புறாமலை தேசியப் பூங்கா, அங்கே தூண்டில் எடுக்கவே கூடாது. பிரட்ரிக் கோட்டைக்குள் இன்னும் இராணுவம் இருக்கிறது, அதன் வழியாகத்தான் கோணேசர் கோயிலுக்குப் போகிறோம். தடிக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பிடப் போகாதீர்கள். உள்துறைமுகக் கரையில் கடற்படை இடங்கள் பல, கேட்காமல் இறங்காதீர்கள்.

தடி முறிவது மீனால் குறைவு. வான் கதவும் மண்டபத்தில் சுற்றுகிற மின்விசிறியும்தான் எமன். வீட்டுக்குள் பூட்டாதீர்கள், முற்றத்தில் பூட்டுங்கள். ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றுத் தண்ணீரில் ரீலையும் வளையங்களையும் கழுவித் துடைத்து நிழலில் காயவிடுங்கள். விலையைக் கேட்டால் டொலரில் சொல்லாதீர்கள்; மனக்கணக்கில் மாமி அதை ரூபாயாக்கி முடித்துவிடுவார். பழையது, ஒருவர் தந்தது என்றால் போதும்.

கடைசியில் தடியைக் கேட்பார்கள். மச்சானின் மூத்தவன் என் தடியை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். காஸ்டிங் ரீலைக் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு கிழமையில் சிக்காகி அது கூரை வளையில் தொங்கும். அதனால் பெட்டியில் இன்னொன்றும் வையுங்கள்: பைபர் கிளாசில் இரண்டு துண்டு ஸ்பின்னிங் தடி, மொத்தமான ரீல், 15 இறாத்தல் சாதாரண நூல். கிராபைட்டைவிடப் பாரம்தான், ஆனால் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் தாங்கும். அதை வந்து இறங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள், புறப்படுகிற அன்று வேண்டாம். இறால் பாலத்துக்கு உங்களைக் கூட்டிப்போக ஆள் கிடைக்கும், நீங்கள் கந்தோர் வாங்கில் இருக்கும்போது அவன் மீனும் பிடித்து வைத்திருப்பான்.