சாலையைக் கடக்க வழி கேட்டு மனு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்புப் பகுதியில் நடந்து செல்வோருக்கு இருக்கும் ஆபத்தைப் பற்றி உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதப்படும் மனுக்களில் பல, "இங்கே வேகத்தடை அமைத்துத் தர வேண்டும்" என்ற ஒற்றைக் கோரிக்கையோடு முடிந்துவிடுகின்றன. மனுவைப் பலவீனப்படுத்தும் முதன்மையான தவறு இதுதான். அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னால், பேருந்தும் ஆம்புலன்சும் செல்லும் சாலையில் வேகத்தடைக்கு விதி இடம் தரவில்லை என்று ஒரு வரியில் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆபத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஜீப்ரா கிராசிங் கேட்பதிலும் இதே சிக்கல் உண்டு. கோடு போட்டுவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை எல்லாச் சாலைகளுக்கும் பொருந்தாது. நாளொன்றுக்கு 12,000 வாகனங்களுக்கு மேல் செல்லும், நடுத்திட்டு இல்லாத பலதடச் சாலைகளில், வேறு ஏற்பாடு எதுவுமின்றிக் கோடு மட்டும் போடப்பட்ட இடங்களில், கோடே இல்லாத இடங்களைவிடப் பாதசாரிகள் விபத்துக்குள்ளாகும் விகிதம் அதிகமாக இருந்ததாக அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு வெளியான அரசு ஆய்வொன்று காட்டியது. முதல் தடத்தில் ஒரு வாகனம் மரியாதையாக நின்றுவிட, அது மறைப்பதால் நடப்பவரைப் பார்க்காமல் அடுத்த தடத்தில் மற்றொன்று விரைந்து வருவது இத்தகைய சாலைகளின் தனி ஆபத்து. நடுவே நின்று கடக்க ஒரு திட்டு, சாலைக்குள் சற்று நீட்டிய நடைபாதை, உயர்த்திக் கட்டிய கடவை, முனையில் வாகனம் நிறுத்தத் தடை என்று பல தீர்வுகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டு, உங்களுக்குத் தோன்றும் தீர்வை ஒரு யோசனையாக மட்டும் குறிப்பிடுவது நல்லது.

"வண்டிகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன" என்று எழுதுவது அடுத்த தவறு. அது உண்மையாகவே இருந்தாலும், அதைக் கொண்டு அலுவலகத்தால் எதையும் கணக்கிட முடியாது. மாறாக, 7 மீட்டர் அகலமுள்ள சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க ஏறக்குறைய 6 நொடி ஆகும், நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு ஏறக்குறைய 9 நொடி ஆகும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 9 நொடியில் 120 மீட்டருக்கு மேல் வந்துவிடும். முனையில் நிறுத்தப்பட்டிருக்கும் வேன் காரணமாக, நடைபாதை ஓரத்தில் நிற்பவரின் கண்ணுக்கு 40 மீட்டர் தூரம்தான் தெரிகிறது என்றால், அந்த முதியவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பயனில்லை என்பது அந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும். சாலையின் அகலம், கண்ணுக்குத் தெரியும் தூரம், நேரம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்.

வேகத்தை அளக்கவும் கருவி தேவையில்லை. சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொண்டு, நடைபாதையில் நின்றபடியே நேரம் பார்த்தால், அந்தத் தூரத்தை 3.6 நொடியில் கடக்கும் வாகனம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும், 3 நொடியில் கடப்பது 60 கிலோமீட்டர் வேகத்திலும் செல்கிறது என்று பொருள். வேகமாக வந்தவற்றை மட்டும் பொறுக்கி எழுதுவது பெரும் பிழை. வரிசையாக வந்த எல்லா வாகனங்களையும் குறிக்க வேண்டும். ஏனெனில் 85 விழுக்காடு வாகனங்கள் எந்த வேகத்துக்குள் செல்கின்றன என்பதைத்தான் போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாகப் பார்ப்பார்கள்.

இதுவரை யாரும் அடிபடவில்லையே என்று மனு எழுதத் தயங்குவோர் உண்டு. விபத்து இல்லாததாலேயே ஓர் இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. அங்கே கடக்கப் பயந்து பலர் அந்த வழியையே விட்டிருக்கலாம். எனவே மயிரிழையில் தப்பியவற்றைத் தேதி, நேரத்துடன் குறித்து வையுங்கள். சுற்றிப் போகிறவர்களையும், சக்கர நாற்காலியில் இருப்பதால் வெளியே வருவதையே நிறுத்திவிட்டவர்களையும் அவர்கள் சம்மதத்துடன் மனுவில் சேர்க்க வேண்டும். என் கணிப்பில், ஒரே வாசகத்துக்குக் கீழே திரட்டிய நூறு கையெழுத்துகளைவிட, தனித்தனி அனுபவத்தைச் சொல்லும் பத்துக் கடிதங்களுக்கு வலு அதிகம்.

தெருவிளக்கு, குப்பை, சாக்கடை ஆகியவற்றையும் இதே மனுவில் சேர்த்தால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டு மனு தீர்க்கப்பட்டதாகக் குறித்துவிட வாய்ப்புண்டு. முனையில் வண்டி நிறுத்தும் அண்டை வீட்டாரைக் குற்றம்சாட்டுவதும் வேண்டாம். அது மனுவைத் தனிப்பட்ட தகராறாக்கிவிடும். சாலை யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே கேட்டறியாவிட்டால், உள்ளாட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் இடையே மனு மாதக்கணக்கில் அலையும்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவது மனு ஆகாது. பதிவு எண்ணும் தேதியும் கையில் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வருபவர்கள் நண்பகலில் வந்தால் வெறிச்சோடிய சாலையைத்தான் பார்ப்பார்கள் என்பதால், பள்ளி விடும் நேரம் எதுவோ அந்த நேரத்தைக் குறிப்பிட்டே அழைக்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தால், எந்த அலுவலரிடம், எந்தக் கட்டத்தில் உள்ளது, அடுத்த நிதியாண்டுக்கான பட்டியலில் சேர்க்கப்படுமா என்று மீண்டும் எழுத்திலேயே கேளுங்கள். வேலை முடிந்த பிறகும் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே முறையில் வேகத்தை அளந்து அனுப்புங்கள். வேகம் குறையவில்லை என்றால் அடுத்த மனுவுக்கு அந்தத் தாளே முதல் இணைப்பு.