நெட்வொர்க் டிரைவரில் நானோவினாடிகளை மிச்சம் பிடிப்பது

நெட்வொர்க் டிரைவர் என்பது லினக்ஸ் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருந்து நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல். அதன் வேகத்தை மத்தியானத்தில் அளக்காதீர்கள். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மேசை கடைவீட்டு மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. வெயில் ஏறினால் சிபியூ சூடாகி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்புறம் எண் மாறியது நீங்கள் நிரலில் செய்த மாற்றத்தாலா, சூட்டாலா என்று பிரிக்கவே முடியாது. சிபியூ வேகத்தை முடிவு செய்யும் கவர்னரை பெர்ஃபாமன்ஸில் வையுங்கள், தற்காலிகமாக வேகத்தை ஏற்றும் டர்போவை அணையுங்கள், விடிகாலையில் அளந்து பாருங்கள்.

அளப்பதும் மெகாபிட்டில் வேண்டாம், பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) கணக்கில் அளங்கள். 10 கிகாபிட் கார்டில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு 14.88 மில்லியன். ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோவினாடி; 3 கிகாஹெர்ட்ஸ் சிபியூவில் ஏறக்குறைய 200 சைக்கிள். கேஷில் (சிபியூவுக்குள் இருக்கும் சின்ன வேக நினைவகம்) கிடைக்காமல் ஒரே ஒரு முறை ராம் வரை போய் வந்தாலே அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாலிடெக்னிக் முடித்து இந்த வேலைக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் நான் முதலில் போடச் சொல்வது இந்தக் கணக்கைத்தான். இது தெரிந்தால் எந்த வரியைத் தொடலாம், எதை விட்டுவிடலாம் என்பது தானே தெரியும்.

அடுத்து பெர்ஃப், நிரலில் எந்த வரியில் நேரம் போகிறது என்று காட்டும் லினக்ஸ் கருவி. அது சூடாகக் காட்டும் வரியை உடனே குற்றம் சொல்லாதீர்கள். பல நேரம் உண்மையான தாமதம் அதற்கு முந்தைய வரியில், மெமரியைப் படித்த இடத்தில் இருக்கும்.

பாக்கெட் வாங்கும் பக்கம் வேலை குறைவு. பாக்கெட்டுகள் வந்து விழும் பஃபர்களை, பேஜ் பூல் என்ற கெர்னல் வசதியில் சுழற்சியாகப் பயன்படுத்துங்கள். நீளம் தெரிந்தவுடன் பாக்கெட்டின் முதல் கேஷ் லைனுக்கு (கேஷ் ஒரே மூச்சில் எடுக்கும் 64 பைட் துண்டு) ப்ரீஃபெட்ச் கொடுங்கள், அதாவது தேவைப்படும் முன்பே கேஷுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாக்கெட் எண்ணிக்கைகளை ஒவ்வொரு ரிங்குக்கும் (டிரைவரும் கார்டும் பாக்கெட்டுகளைக் கைமாற்றும் வட்ட வரிசை) தனித்தனியாக வையுங்கள். இரண்டு கோர்கள் ஒரே 64 பைட் லைனில் எழுதினால் இரண்டுமே திணறும். ஹாட் பாத்தில், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஓடும் நிரல் பகுதியில், கார்டின் ரெஜிஸ்டரை (கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு இடம்) படிக்கவே கூடாது. எழுதினால் சிபியூ காத்திருக்காமல் மேலே போகலாம். படித்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே பதில் வரும்வரை நூற்றுக்கணக்கான நானோவினாடிகள் நிற்க வேண்டும்.

அனுப்பும் பக்கத்தில்தான் நல்ல லாபம் இருக்கிறது. அனுப்பப் பாக்கெட் தயார் என்று கார்டுக்குச் சொல்லும் டோர்பெல் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எழுதுவது வீண் செலவு. வெட்டிய ஒவ்வொரு செம்பனைக் குலைக்கும் லாரி ஆலைக்கு ஓடுவதில்லை, நிரம்பிய பிறகுதான் கிளம்பும். லினக்ஸில் 2014இல் வந்த எக்ஸ்மிட் மோர் வசதி இதற்குத்தான்: இன்னும் பாக்கெட் வருகிறது என்று கெர்னல் சொன்னால், பாக்கெட் எங்கே இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லும் டிஸ்கிரிப்டரை மட்டும் ரிங்கில் நிரப்பிவிட்டு டோர்பெல்லைத் தள்ளிப்போடலாம். கெர்னலின் பாக்கெட் உற்பத்திக் கருவியான பாக்கெட்ஜென்னில் பர்ஸ்ட்டை (ஒரே தொகுதியாக அனுப்பும் எண்ணிக்கை) 1 என்றும் பிறகு 32 என்றும் வைத்து ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

இதில் இரண்டு இடங்களை மறக்கவே கூடாது. ரிங் நிரம்பி க்யூவை நிறுத்தும்போது, கெர்னல் என்ன சொல்லியிருந்தாலும் டோர்பெல்லை அடித்தே ஆக வேண்டும். டிஎம்ஏ மேப்பிங் (கார்டு நேராக மெமரியைப் படிக்க வழி செய்வது) தோற்று பாக்கெட்டைக் கைவிடும்போதும், முன்னால் நிரப்பியவை காத்திருந்தால் அவற்றுக்காக அடிக்க வேண்டும். இல்லையென்றால் அவை ரிங்கிலேயே கிடக்கும். க்யூவும் நின்றிருந்தால் கொஞ்ச நேரத்தில், அனுப்புவது முடங்கிவிட்டது என்று கெர்னல் எச்சரிக்கும் வாட்ச்டாக் டைம்அவுட் வரும். இதைச் சோதிக்க, கார்டின் அமைப்புகளை மாற்றும் ஈத்டூல் கட்டளையில் ரிங்கின் அளவை கார்டு அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி, பர்ஸ்ட்டை ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் டிமெசேஜ் (கெர்னல் எழுதும் செய்திப் பதிவு) சுத்தமாக இருந்தால் மட்டும் உங்கள் மாற்றத்தை பேட்சாக அனுப்புங்கள்.